மெஸ்ஸே: வழியனுப்பும் சொல் சந்தைக்குப் பெயரான வரலாறு

பிராங்க்ஃபர்ட் நகரின் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்கு ‘மெஸ்ஸே’ என்பது ஒரு நிலையத்தின் பெயர். அங்கே இறங்கினால் வணிகக் கண்காட்சி நடக்கும் பெரிய அரங்குகள் வரிசையாக நிற்கும். அதே நகரின் கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஞாயிறு வழிபாட்டு நேரத்தை அறிவிக்கும் பலகைகளிலும் ‘மெஸ்ஸே’ என்றுதான் எழுதியிருக்கும். அங்கே அதற்குப் பூசை என்று பொருள். இன்றைய தமிழ்க் கத்தோலிக்கர் திருப்பலி என்று சொல்லும் அதே வழிபாடு. எழுத்து ஒன்று, ஒலிப்பு ஒன்று, பெண்பால் என்ற இலக்கணப் பாலும் ஒன்று. ஒன்று அப்பமும் இரசமும் வைத்துச் செய்யும் வழிபாடு. மற்றது புத்தகமும் இயந்திரமும் மோட்டார் வாகனமும் விலைபேசும் இடம்.

இவை தற்செயலாக ஒன்றுபோல ஒலிக்கும் இரு சொற்களா, அல்லது ஒரே சொல்லின் இரு கிளைகளா? சொற்பிறப்பியல் என்ற துறைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் மெஸ்ஸே என்ற இந்த ஒரு சொல்லில் அந்தத் துறையின் முக்கியமான வேலைகள் எல்லாமே இருக்கின்றன: ஒலி மாறுவது, பொருள் நகர்வது, கடன் வாங்குவது, போலி உறவுகளைக் கண்டுபிடித்துத் தள்ளுவது.

முதலில் துறையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு சொற்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றன என்பது உறவுக்குச் சான்று ஆகாது. சொல் எந்தக் காலத்தில், எந்த ஆவணத்தில், எந்த வடிவத்தில், என்ன பொருளில் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தந்த மொழியில் ஒலிகள் எப்படி மாறின என்ற விதிகளோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பொருள் மாறியிருந்தால், அந்த மாற்றம் நிகழ்வதற்கு மக்கள் வாழ்க்கையில் இடம் இருந்ததா என்று காட்ட வேண்டும். இந்த மூன்றும் கூடி வந்தால்தான் ஒரு சொல்வரலாறு நிற்கும்.

மெஸ்ஸேயின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘மித்தெரெ’ என்றால் அனுப்புதல், விடுதல். இதன் வழியில் வந்த ‘மிஸ்ஸியோ’ என்ற பெயர்ச்சொல்லுக்கு அனுப்புகை என்று பொருள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்க் போன்ற ஜெர்மன் லுத்தரன் ஊழியர்களோடும், அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்த கத்தோலிக்கத் துறவிகளோடும் சேர்த்து நாம் பேசும் ‘மிஷன்’, ‘மிஷனரி’ இரண்டும் அந்த மிஸ்ஸியோவின் பிள்ளைகள். பிற்கால லத்தீனில் மிஸ்ஸியோ என்பதற்குப் பதிலாக ‘மிஸ்ஸா’ என்ற குறுகிய வடிவமும் வழங்கியது. பொருளில் வேறுபாடு இல்லை: அனுப்பிவைத்தல், கூட்டத்தைக் கலைத்தல்.

உரோமை வழிபாட்டின் முடிவில், குருவுக்கு உதவும் திருத்தொண்டர் மக்களை நோக்கி ‘ஈத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்று அறிவிப்பார். ‘செல்லுங்கள், இத்துடன் விடை’ என்பது இதன் நேர்ப்பொருள். இதில் பக்தியான உட்பொருள் எதையும் தேட வேண்டியதில்லை என்பதற்கு ஓர் அருமையான சான்று இருக்கிறது. கி.பி. 500-ஐ ஒட்டி, இன்றைய பிரான்ஸில் உள்ள வியென் நகரின் ஆயராக இருந்த அவித்துஸ் என்பவர் ஒரு கடிதத்தில், தேவாலயத்தில் மட்டுமல்லாமல் அரண்மனையிலும் ஆளுநர் மன்றத்திலும் கூட்டம் முடிந்து மக்களை அனுப்பும்போது இதே ‘மிஸ்ஸா’ என்ற சொல்லால்தான் அறிவிக்கிறார்கள் என்று விளக்குகிறார். ஆக, இது அரசவையிலும் புழங்கிய அன்றாட நிர்வாகச் சொல்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் புனிதப் பயணம் போன எகேரியா என்ற பெண் எழுதிவைத்த குறிப்புகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. காலை வழிபாடு முடிந்து விடைபெறுவதும் மிஸ்ஸா, மாலை வழிபாடு முடிந்து விடைபெறுவதும் மிஸ்ஸா. எந்த வழிபாட்டின் முடிவையும் அது குறிக்கலாம் என்ற நிலையை அங்கே பார்க்கிறோம். சொல் இன்னும் எந்த ஒரு சடங்கோடும் ஒட்டிக்கொள்ளவில்லை.

ஆதித் திருச்சபையில் வழிபாட்டின் நடுவிலும் ஒரு விடைகொடுப்பு இருந்தது. திருமுழுக்குப் பெறாமல் இன்னும் பயிற்சியில் இருக்கும் புகுமுக நிலையினர் மறைநூல் வாசகத்தையும் மறையுரையையும் கேட்கலாம். அப்பமும் இரசமும் வைத்துச் செய்யும் நற்கருணைப் பகுதி தொடங்கும் முன்பு வெளியேறிவிட வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவில் நகர ஆயர் இசிதோர் தமது சொல்விளக்கக் களஞ்சியத்தில் மிஸ்ஸா என்ற பெயரை இந்த வெளியேற்றத்தோடுதான் இணைக்கிறார். புகுமுக நிலையினர் யாரேனும் இருந்தால் வெளியே போகட்டும் என்று திருத்தொண்டர் குரல் கொடுப்பார், அதனால் மிஸ்ஸா என்கிறார். அவர் சொன்ன சொல்விளக்கங்கள் பல இன்று தேறாதவை. இந்த இடத்தில் அவர் சரியான வாசலுக்கு மிக அருகில் நின்றிருக்கிறார்.

முடிவில் சொல்லும் சொல் முழுச் சடங்குக்கும் பெயராவது விந்தையாகத் தோன்றலாம். வழிபாட்டு மொழியில் இது சாதாரணமாக நடப்பதுதான். இறந்தோருக்கான பூசை ‘ரெக்குவியெம்’ எனப்படுகிறது. அது அந்தப் பூசையின் தொடக்கப் பாடலின் முதல் சொல், இளைப்பாற்றி என்று பொருள். ஈஸ்டருக்குப் பின் வரும் ஒரு ஞாயிறுக்கு ஜெர்மனியில் ‘யூபிலாத்தே’ என்று பெயர். அன்றைய தொடக்கப் பாடல் அந்தச் சொல்லோடு ஆரம்பிக்கும். லத்தீன் புரியாத கூட்டத்தின் காதில் எது பளிச்சென்று விழுந்ததோ அது பெயராக நிலைத்தது. மிஸ்ஸா விஷயத்தில் கடைசிச் சொல் விழுந்தது. பெரிய கிரகோரியார் திருத்தந்தையாக இருந்து 604-இல் மறைந்தார்; அவர் காலத்துக்குப் பின் மேற்கு ஐரோப்பாவில் மிஸ்ஸா என்றால் நற்கருணை வழிபாடு என்பது பொதுவழக்காக உறுதிப்பட்டுவிட்டது.

லத்தீனிலிருந்து ஜெர்மனுக்கு

எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து போனிஃபாஸ் போன்ற துறவிகள் ஜெர்மானிய நிலப்பகுதிகளில் மறைப்பணி செய்தார்கள். அவர் காலத்தில் 744-இல் நிறுவப்பட்ட ஃபுல்டா மடம் பிற்காலத்தில் எழுத்துக்கும் கல்விக்கும் பெரிய நடுவமானது. இத்தகைய மடங்களில்தான் இன்றைய ஜெர்மனின் முன்னோடியான பழைய உயர்ஜெர்மன் முதன்முதலாக ஏட்டில் ஏறியது. அந்தக் கட்டத்தில் நம் சொல் ‘மிஸ்ஸா’ என்றும் ‘மெஸ்ஸா’ என்றும் இரு வடிவங்களில் கிடைக்கிறது.

இந்த இரட்டை வடிவம் சிறிய விஷயமாகத் தெரியலாம். சொல்லாராய்ச்சியாளருக்கு இது பொன். எழுத்து லத்தீனில் இருந்த குறில் இகரம், பேச்சு லத்தீனில் எகரமாக நெகிழ்ந்துவிட்டது. அதனால்தான் இத்தாலிய மொழியில் ‘மெஸ்ஸா’, பிரெஞ்சில் ‘மெஸ்’. நாம் இலை என்று எழுதிவிட்டு எலை என்று பேசுகிறோமே, இடம் என்று எழுதி எடம் என்கிறோமே, ஏறக்குறைய அதே நெகிழ்ச்சி. ஆகவே ஜெர்மனின் எகர வடிவம் பேச்சு லத்தீனோடு ஒத்துப்போகிறது. இகர வடிவத்தில் ஏட்டு லத்தீனின் சாயல் இருக்கிறது. ஒரே சொல் வாய்வழியாகவும் ஏட்டு வழியாகவும் அந்த மொழியின் கதவைத் தட்டியிருக்கிறது. கடைசியில் வென்றது வாய்மொழி. சொல்லின் கடைசி ஆகாரமும் பிற்பாடு தேய்ந்து இன்றைய மங்கலான எகரமானது.

கடன் வாங்கிய காலத்தை ஒலியை வைத்தே மதிப்பிடலாம் என்பது இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி. ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டுக்கும் எட்டாம் நூற்றாண்டுக்கும் இடையில் உயர்ஜெர்மன் பேச்சில் ஒரு பெரிய மெய்யொலி மாற்றம் நடந்தது. பகர ஒலி சில இடங்களில் ‘ப்ஃ’ ஆனது. உயிருக்குப் பின் வந்த ககரம் ‘ஹ்’ என்ற உரசொலியானது. லத்தீன் ‘காலிக்ஸ்’ என்ற சொல், திருக்கிண்ணம், ஜெர்மனில் ‘கெல்ஹ்’ ஆகியிருக்கிறது. ‘ஒப்பெராரி’ என்ற வினை ‘ஒப்ஃபர்ன்’, அதாவது பலியிடுதல், ஆகியிருக்கிறது. இவை மாற்றம் முடியும் முன்பே உள்ளே வந்துவிட்ட பழைய விருந்தாளிகள். ‘ப்ரெடிகன்’, மறையுரை ஆற்றுதல், ‘ப்ரீஸ்டர்’, குரு: இந்த இரண்டிலும் முதல் பகரம் அப்படியே இருக்கிறது. எனவே இவை மாற்றத்தின் அலை ஓய்ந்த பிறகு வந்தவை. திருச்சபைச் சொற்கள் ஒரே நாளில் ஒரே மூட்டையாக வந்து இறங்கவில்லை என்பதை வரலாற்று நூல் எதையும் திறக்காமலேயே இப்படி அறிந்துகொள்ளலாம். மெஸ்ஸே என்ற சொல்லில் இந்த மாற்றத்துக்கு ஆட்படும் மெய் எதுவும் இல்லை. அதன் காலத்தை ஆவணங்களை வைத்தே கணிக்க வேண்டியிருக்கிறது.

அதே ஒலிமாற்றம் போலி உறவுகளைப் பிரித்துக் காட்டவும் உதவுகிறது. ஜெர்மன் அகராதியில் மெஸ்ஸேக்குப் பக்கத்திலேயே ‘மெஸ்ஸன்’ (அளத்தல்), ‘மெஸ்ஸர்’ (கத்தி) என்ற சொற்கள் நிற்கும். சந்தையில் அளந்து விற்கிறார்கள், அதனால் மெஸ்ஸே என்று யாராவது விளக்கினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழைய ஏடுகளில் மெஸ்ஸா என்ற சொல்லை இரட்டை எஸ் இட்டு எழுதினார்கள். அளத்தல் என்ற வினையை இரட்டை இசட் இட்டு எழுதினார்கள். அந்த இரட்டை இசட் பழைய டகர ஒலியிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் ‘வாட்டர்’ ஜெர்மனில் ‘வாஸர்’, ஆங்கிலத்தில் ‘ஈட்’ ஜெர்மனில் ‘எஸ்ஸன்’ என்று இருப்பதைப் போல, இந்த மாற்றம் நடக்காத டச்சு மொழியில் அளத்தல் இன்றும் ‘மேட்டன்’. பூசையோ அங்கே ‘மிஸ்’. டகரத்தின் சுவடே இல்லை. கத்தியைக் குறிக்கும் மெஸ்ஸரோ, உணவு என்ற சொல்லும் கத்தி என்ற சொல்லும் சேர்ந்து தேய்ந்த ஒரு பழைய ஜெர்மானியக் கூட்டுச்சொல். நவீன ஜெர்மனில் இந்த இரு ஒலிகளும் ஒன்றாகிவிட்டதால் மூன்று சொற்களும் உடன்பிறப்புகள்போலத் தோன்றுகின்றன, அவ்வளவுதான்.

பூசையிலிருந்து சந்தைக்கு

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். பூசைக்குப் பெயரான சொல் சந்தைக்கு எப்படிப் போனது?

இடையில் ஒரு படி இருக்கிறது. அதை விட்டுவிட்டால் எல்லாம் மர்மமாகிவிடும். அந்தப் படி திருநாள். ஒரு புனிதரின் நாளில் நடக்கும் சிறப்புப் பூசை அந்த நாளுக்கே பெயரானது. ஆங்கிலத்தில் கிறிஸ்துவின் பூசை என்ற தொடர் கிறிஸ்துமஸ் ஆனது இப்படித்தான். அந்த ‘மஸ்’ நம் மெஸ்ஸேயின் ஆங்கிலச் சகோதரி. செப்டம்பர் 29-இல் வரும் மிக்கேல் வானதூதர் திருநாள் அங்கே ‘மிக்கல்மஸ்’. ஜெர்மனில் கிறிஸ்துமஸுக்கு வேறு சொல் இருந்தாலும், பிப்ரவரி 2-இல் மெழுகுதிரிகளை மந்திரிக்கும் திருநாளுக்கு ‘லிஹ்ட்மெஸ்’, ஒளிப்பூசை, என்றே பெயர். முற்காலத்தில் தென்ஜெர்மனியின் பண்ணைகளில் வேலையாட்களின் ஆண்டு முடிந்து கூலி கைக்கு வந்ததும், அவர்கள் புதிய எசமானிடம் போனதும் இந்த நாளில்தான். ஒரு பூசையின் பெயர் எத்தனை உலகியல் காரியங்களைச் சுமந்திருக்கிறது என்பதற்கு லிஹ்ட்மெஸ் நல்ல அடையாளம்.

திருநாளுக்குக் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் வியாபாரி வருவான். இடைக்காலத்தில் அச்சிட்ட நாட்காட்டி இல்லை. எழுதப்படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. தொலைதூர வணிகர்கள் இருவர் ஓர் ஊரில் ஒரே சமயத்தில் சந்திக்க வேண்டுமென்றால் எல்லாருக்கும் தெரிந்த தேதி திருநாள் ஒன்றுதான். கடன் திருப்பித் தரும் நாளும் அதுவே ஆனது. அரசனும் திருச்சபையும் அந்த நாட்களுக்குக் காவலும் அமைதியும் அறிவித்தார்கள்; வணிகனுக்கு வழியில் கொள்ளை பயம் குறைந்தது. தேவாலய மணி அடித்துப் பூசை தொடங்குவதைப் போலவே சந்தையையும் மணி அடித்துத் தொடங்கி, மணி அடித்து முடித்தார்கள். ‘மெஸ்ஸேக்குப் போகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அவர் வழிபடப் போகிறாரா வாங்கப் போகிறாரா என்பதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. இரண்டுக்கும் போனார். பொருள் நகர்ந்த இடம் இந்த வாக்கியம்தான். இடைக்கால ஜெர்மனில் மெஸ்ஸே என்ற சொல் பூசை, திருநாள், ஆண்டுச்சந்தை மூன்றையும் ஒருசேரக் குறித்தது.

‘கிர்மெஸ்’ என்ற சொல்லில் இந்தப் படிகளைத் தனித்தனியாகக் காணலாம். ‘கிர்ஹெ’ என்றால் தேவாலயம்; அதோடு மெஸ்ஸே சேர்ந்து கிர்ஹ்மெஸ்ஸே, பிறகு கிர்மெஸ். முதலில் அது ஊர்த் தேவாலயம் நேர்ந்தளிக்கப்பட்ட நாளின் நினைவுப் பூசை. பின்பு அந்த நாளின் விழா. இன்று அது இராட்டினமும் தின்பண்டக் கடைகளும் நிறைந்த கேளிக்கைத் திடல். டச்சில் ‘கெர்மிஸ்’, மூத்த பீட்டர் புரூகல் வரைந்த ஆட்டமும் குடியுமான கிராமத்து விழாக் காட்சிகளின் பின்னால் இருப்பது இந்தக் கெர்மிஸ்தான். டியூசல்டார்ஃப் நகரில் ரைன் நதிக்கரையில் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் பெரிய கிர்மெஸ், நகரின் பாதுகாவலர் அப்போலினாரிஸ் பெயரைச் சொல்லித்தான் இன்றும் நடக்கிறது.

பெருவணிகச் சந்தைகளுக்கு வருவோம். 1240 ஜூலையில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் பிராங்க்ஃபர்ட் சந்தைக்கு வரும் வணிகர்கள் அனைவரையும் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு ஓர் உரிமைச் சாசனம் வழங்கினார். அந்த இலையுதிர்காலச் சந்தை தொடக்கத்தில் மரியாவின் விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15-க்கும் அவரது பிறந்தநாளான செப்டம்பர் 8-க்கும் இடைப்பட்ட நாட்களைச் சார்ந்திருந்தது. 1330-இல் பேரரசர் நான்காம் லூட்விக் இரண்டாவது சந்தை ஒன்றையும் அனுமதித்தார். அது தவக்காலத்தில் கூடியதால் தவக்கால மெஸ்ஸே எனப்பட்டது. லைப்சிக் நகரில் மூன்று சந்தைகள்: புத்தாண்டு, யூபிலாத்தே ஞாயிறு, மிக்கேல் திருநாள். 1497-இல் மாக்சிமிலியன் அவற்றுக்குப் பேரரசின் அங்கீகாரம் அளித்தார். பத்தி பத்தியாக வணிக ஒப்பந்தம் பேசுகிறவர்கள் தேதி குறிக்க வழிபாட்டுப் பாடலின் லத்தீன் முதல் சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

‘இது ஜெர்மனியில் மட்டும் நடந்த விந்தையாக இருக்கலாமே’ என்ற ஐயம் எழுவது நியாயம். அதற்குப் பதில் இன்னொரு லத்தீன் சொல்லில் இருக்கிறது. ‘ஃபேரியா’ என்றால் திருநாள். ஸ்பானிய மொழியில் அது அதே வடிவில் சந்தையைக் குறிக்கிறது. போர்த்துகீசில் ‘ஃபெய்ரா’, பிரெஞ்சில் ‘ஃபுவார்’, ஆங்கிலத்தில் ‘ஃபேர்’: எல்லாமே சந்தை. நாம் புத்தகக் கண்காட்சிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘புக் ஃபேர்’ என்பதிலும் ஒரு லத்தீன் திருநாள் இருக்கிறது. திருநாளிலிருந்து சந்தைக்குப் போகும் இந்தப் பாதையை இரண்டு வேறு சொற்கள் தனித்தனியே நடந்து கடந்திருக்கின்றன. பொருள் மாற்றம் பற்றிய ஓர் ஊகம் இப்படி இன்னொரு சொல்லால் உறுதிப்படும்போது கிடைக்கும் நம்பிக்கை வேறு எதிலும் கிடைப்பதில்லை. ஜெர்மனோ அந்த ஃபேரியாவையும் விட்டுவைக்கவில்லை. அதிலிருந்து கொண்டாட்டத்துக்கு ‘ஃபையர்’, பள்ளி விடுமுறைக்கு ‘ஃபேரியன்’ என்று இரு முறை கடன் வாங்கிக்கொண்டது.

பாதையைப் பற்றிப் பேசும்போது ஹாம்பர்க் நகரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கே கேளிக்கைத் திடலுக்கே ‘டோம்’, அதாவது பேராலயம் என்று பெயர். இடைக்காலத்தில் மழைக்கும் குளிருக்கும் ஒதுங்கிய வியாபாரிகள் பேராலயத்துக்குள் கடை விரித்தார்கள். 1804-க்குப் பின் சில ஆண்டுகளில் அந்தப் பேராலயத்தையே இடித்துவிட்டார்கள். கட்டடம் போய்விட்டது, வியாபாரிகள் அதன் பெயரைத் தங்களோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரு கிளைகளும் பிரிந்த விதம்

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லுத்தர் பூசையைப் பற்றிய கத்தோலிக்கப் போதனையைக் கடுமையாக எதிர்த்தார். பூசை மனிதர் கடவுளுக்குச் செலுத்தும் பலி என்பதையும், காசு கொடுத்துத் தனிப்பூசை வைப்பதையும் அவரால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் சொல்லை அவர் கைவிடவில்லை. 1526-இல் ஜெர்மன் மொழியில் அவர் வகுத்த வழிபாட்டு முறையின் பெயர் ‘ஜெர்மன் மெஸ்ஸே’. 1530-இல் லுத்தரன்கள் அளித்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும், நாங்கள் மெஸ்ஸேயை ஒழித்துவிட்டோம் என்பது பொய்க் குற்றச்சாட்டு என்று மறுக்கிறது. காலப்போக்கில் ஜெர்மன் புராட்டஸ்டண்டுகளின் அன்றாடப் பேச்சில் ‘கோட்டஸ்டீன்ஸ்ட்’, இறைப்பணி, என்ற சொல் முன்னுக்கு வந்தது. ஸ்வீடன், டென்மார்க் நாடுகளின் லுத்தரன் சபைகளோ தங்கள் பெருவழிபாட்டை இன்றும் மெஸ்ஸே சேர்ந்த பெயரால்தான் அழைக்கின்றன.

லுத்தரன் நகரான லைப்சிக்கில் மெஸ்ஸே என்றதும் சந்தையே முதலில் நினைவுக்கு வந்திருக்கும். அந்த ஊரில்தான் 1723 முதல் 1750 வரை யோஹான் செபாஸ்டியான் பாஹ் இசைப்பணி செய்தார். 1739-இல் அவர் அச்சிட்ட ஆர்கன் தொகுப்புக்குப் பிற்காலத்தார் ‘ஜெர்மன் ஆர்கன் மெஸ்ஸே’ என்று பட்டப்பெயர் இட்டார்கள். அது விற்பனைக்கு வந்தது மிக்கேல் மெஸ்ஸேயில். இசைவடிவாக ஒரு மெஸ்ஸே, அதை விற்க ஒரு மெஸ்ஸே.

நூல் வணிகம் இந்தச் சந்தைகளிலேயே வளர்ந்தது. ஆக்ஸ்பர்க் நகரப் புத்தக வியாபாரி கியோர்க் வில்லர் 1564-இல் பிராங்க்ஃபர்ட் சந்தைக்கு வந்த நூல்களுக்கு அச்சிட்ட பட்டியல் வெளியிட்டார். அந்த வகைப் பட்டியலுக்கு ‘மெஸ்கட்டலோக்’ என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரயிலும் தொழிற்சாலையும் வந்தபின் சரக்கு மூட்டைகளைச் சுமந்துவர வேண்டிய தேவை போயிற்று. 1895-இல் லைப்சிக், மாதிரியை மட்டும் காட்டி ஆர்டர் எடுக்கும் ‘முஸ்டர்மெஸ்ஸே’யாக மாறியது. இன்றைய வணிகக் கண்காட்சியின் தொடக்கம் அது. 1917-இல் அதற்கென எரிஹ் க்ரூனர் வரைந்த, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு ‘எம்’ எழுத்துகள் இன்றும் லைப்சிக்கின் சின்னம். போருக்குப் பின் 1949-இல் பிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தை மீண்டும் தொடங்கியபோது, அது கூடிய இடம் பவுல்ஸ்கிர்ஹெ. தேவாலயமாகக் கட்டப்பட்டு, பிற்பாடு பொது மண்டபமான கட்டடம்.

இன்றைய ஜெர்மன் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. கூட்டுச்சொற்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பூசை உதவியாளர் ‘மெஸ்டீனர்’, பூசை உடை ‘மெஸ்கெவாண்ட்’, பூசைப் புத்தகம் ‘மெஸ்பூஹ்’: இவற்றில் சொல்லின் இறுதி எகரம் விழுந்துவிட்டது. கண்காட்சிக் கடை ‘மெஸ்ஸேஷ்டாண்ட்’, கண்காட்சி அரங்கு ‘மெஸ்ஸேஹாலெ’: இவற்றில் அது நிற்கிறது. பூசைக் கூட்டுகள் பழையவை, தேய்ந்தவை. கண்காட்சிக் கூட்டுகளில் பெரும்பாலானவை புதியவை, முழுவடிவில் உருவானவை. சந்தையைக் குறித்தும் மேலே சொன்ன மெஸ்கட்டலோக் எகரம் இல்லாமல் இருப்பதற்குக் காரணம் அதன் வயது. யாரும் உட்கார்ந்து வகுக்காத ஒழுங்கு இது. எனக்கு இந்தச் சொல்லின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

போலி விளக்கங்களும் இந்தச் சொல்லைச் சுற்றி நிறையவே முளைத்தன. எபிரேய மொழிப் புலமையில் பெயர்பெற்ற ரோய்க்லின் இதை எபிரேயத்தில் காணிக்கையைக் குறிக்கும் ஒரு சொல்லோடு இணைத்தார். லுத்தரும் அந்தப் பக்கம் சாய்ந்தார். சந்தை என்ற ஜெர்மன் பொருளே முதன்மை, அதிலிருந்துதான் லத்தீன் மிஸ்ஸா வந்தது என்று தலைகீழாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். எகேரியாவின் நான்காம் நூற்றாண்டுக் குறிப்புகளில் மிஸ்ஸா இருக்கிறது, ஜெர்மன் சந்தைப் பொருள் பல நூற்றாண்டுகள் கழித்தே தலைகாட்டுகிறது என்ற ஒரே தகவல் இந்த வாதத்தை முடித்துவைக்கும். இன்னொரு வகைக் குழப்பம் இதைவிட நுட்பமானது. தேவாலய ஊழியருக்குத் தென்ஜெர்மனியில் ‘மெஸ்னர்’ என்று பெயர். மெஸ்ஸேயோடு தொடர்புடையவர் என்று கேட்ட மாத்திரத்தில் யாரும் நம்புவார்கள். உண்மையில் அது ‘மான்ஸியோனாரியுஸ்’, கட்டடக் காவலர், என்ற லத்தீன் சொல்லின் தேய்வு. மக்கள் காலங்காலமாக அதை மெஸ்ஸேயோடு சேர்த்தே புரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு மெஸ்ஸேயும் ஜெர்மனில் உண்டு: கப்பலில் அதிகாரிகள் சேர்ந்து உண்ணும் அறை. இது பூசையிலிருந்து வரவில்லை. லத்தீன் மித்தெரெயின் ‘மிஸ்ஸும்’ என்ற வடிவத்துக்குப் பிற்காலத்தில் மேசையில் வைக்கப்பட்டது என்று பொருள் ஏற்பட்டது. அது பழைய பிரெஞ்சில் ‘மெஸ்’ என்று உணவுப் பங்கைக் குறித்தது. ஆங்கிலம் அதை எடுத்துச் சேர்ந்து உண்ணும் குழுவுக்கும், பிறகு படைவீரர் உணவறைக்கும் பெயராக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் மாலுமிகள் அதை ஆங்கிலத்திலிருந்து வாங்கினார்கள். அதே ஆங்கிலச் சொல் இந்தியாவுக்கும் வந்து விடுதிகளில் நுழைந்தது. மதுரையிலும் திருச்சியிலும் மதியச் சாப்பாட்டுக்கு நாம் போகும் ‘மெஸ்’ அதுதான். பூசையைக் குறிக்கும் மெஸ்ஸேக்கும் இந்த மெஸ்ஸுக்கும் தாய் வேறு, பாட்டி ஒருத்தி.